மூத்தோர் மறதியும் மொழியும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறும் ஒரு வினாத்தாளின் பெயர்ப்பும்

முதுமையில் அறிவு தளர்வதைக் குறிக்க இந்திய மொழிகள் பலவற்றில் பழஞ்சொற்கள் உள்ளன. இந்தியில் 'ஸடியானா' என்பது ஒரு வினை. அறுபது எனப் பொருள்படும் 'ஸாட்' என்னும் எண்ணுப்பெயரிலிருந்து அது பிறந்தது; 'அறுபதாதல்' என்பதே அதன் நேர்பொருள். கன்னடத்தில் 'அரவத்தக்கே அரளு மரளு' என்பது பழமொழி. அறுபதுக்கு அறிவுத் தடுமாற்றம் என்பது அதன் கருத்து. ஈழத் தமிழில் 'அறளை பெயர்தல்' என்னும் வழக்கு இன்றும் வாழ்கின்றது. கன்னடத்தில் பழைய றகரம் ரகரத்தோடு ஒன்றிவிட்டமையை நினைவிற்கொண்டால் அரளு, அறளை ஆகிய இரண்டன் ஒலியொப்புமை நோக்கத்தக்கதாகும். இச்சொற்கள் யாவும் ஒரு வகையில் ஒத்துள்ளன. இவை நோயைச் சுட்டவில்லை, அகவையைச் சுட்டுகின்றன. ஒருவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்றால் வீட்டார் வருந்துவர், சில வேளை நகைப்பர். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அச்சொல்லுள் இல்லை.

இன்று இதே நிலை 'டிமென்ஷியா' எனவும் 'மறதி நோய்' எனவும் வழங்கப்பெறுகின்றது. அகவையின் இயல்பு என்று கருதப்பட்ட ஒன்று நோயெனப் பெயர் பெற்றது எவ்வாறு, அந்நோய் தம்மிடம் உள்ளதா இல்லையா என்பதை ஒரு முதியவரிடம் எந்த மொழியில் கேட்டு அறிந்தனர் என்னும் இரண்டு வினாக்களும் மருத்துவ வரலாற்றிற்கு மட்டும் உரியன அல்ல. மூளையின் தேய்வை வெளியிலிருந்து காண்பதற்கு நெடுங்காலம் மொழியே கருவியாக இருந்தது. வினா ஒன்றைக் கேட்பது, விடையைக் கேட்டு மதிப்பெண் இடுவது என்பதே அக்கருவி. ஆகவே அதன் வரலாற்றில் பாதி மொழிபெயர்ப்பின் வரலாறாகும்.

பெயரின் வரலாறு

இலத்தீனில் 'மென்ஸ்' என்பது மனம், அறிவு. அதன்முன் நீக்கப்பொருள் தரும் 'தே' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து 'தெமென்ஷியா' ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுவரை இச்சொல் ஐரோப்பியச் சட்டநூல்களிலும் மருத்துவ நூல்களிலும் எவ்வகை அறிவிழப்பிற்கும் பொதுவாக வழங்கியது. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட நூலில்தான் அதன் எல்லை ஒருவாறு வரையறை பெற்றது. பிறவியிலேயே அறிவு வளராதவரையும், வளர்ந்த அறிவை இழந்தவரையும் அவர் பிரித்துக் காட்டினார். முன்னவர் என்றும் வறியவர், பின்னவர் செல்வம் இழந்து வறியவரானவர் என்பது அவர் ஆண்ட உவமை. இழப்பு என்னும் பொருட்கூறு அன்று அச்சொல்லில் நிலைபெற்றது; இன்றும் நீங்கவில்லை.

1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபுர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 அகவையினரான அகுஸ்டே டெட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். மருத்துவர் அலோயிஸ் அல்ஸ்ஹைமர் அவரிடம் நாள்தோறும் வினாக்கள் கேட்டு விடைகளை அப்படியே எழுதி வைத்தார். பெயர் கேட்டபோது 'அகுஸ்டே' என்றார். குடும்பப் பெயர் கேட்டபோதும் அதுவே விடை. கணவர் பெயர் கேட்டபோதும் அதுவே. தம் பெயரை எழுதத் தொடங்கியவர் இடையில் என்ன எழுத வந்தோம் என்பதை மறந்தார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபின் அவர் மூளையைப் பகுத்து ஆய்ந்து, அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டியூபிங்கன் நகரில் அல்ஸ்ஹைமர் உரையாற்றினார். நரம்பணுக்களுள் முறுக்கிய நாரிழைகளும், அணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும் அவ்வுரையில் விவரிக்கப்பட்டன. 1990-களின் நடுவில் அம்மருத்துவமனையில் அகுஸ்டேவின் நோய்க்குறிப்பேடு மீண்டும் கிடைத்தது. அதைப் படிப்பவர்க்கு அது ஓர் உரையாடற் பனுவலாகவே தோன்றும். நோயின் முதற் சான்று நுண்ணோக்கியில் அன்று, வினாவிடையில் கிடைத்தது என்பது புலனாகும்.

1910-இல் எமில் கிரேபலின் தம் மனநோய் மருத்துவப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இந்நோய்க்கு அல்ஸ்ஹைமரின் பெயரையே இட்டார். இங்கு ஒரு பிரிவினை நேர்ந்தது. அகுஸ்டேவைப் போல முதுமைக்கு முன்னரே அறிவிழப்போர்க்கே 'அல்ஸ்ஹைமர் நோய்' என்னும் பெயர் உரியதாயிற்று. எழுபதிலும் எண்பதிலும் அதே நிலையை அடைந்தோர் 'முதுமை அறிவிழப்பு' என்னும் வேறு பெயரின்கீழ் வந்தனர். ஒன்று நோய், மற்றொன்று மூப்பு. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இப்பிரிவினை நீடித்தது. அதனால் ஆய்வுக்கும் மருத்துவத்துக்கும் உரியோர் ஒரு சிறு குழுவினராகவே இருந்தனர். எஞ்சிய பெருந்தொகையினர் ஆங்கிலத்திலும் செருமானியத்திலுங்கூட நம் 'ஸடியானா' நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தனர்.

1968-இல் நியூகாசிலில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர் இறந்த முதியோரின் மூளைகளை ஆய்ந்து, உயிருடன் இருந்தபோது அவர்கள் பெற்ற மதிப்பெண்களுக்கும் மூளைத் திட்டுகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருந்ததைக் காட்டினர். 1976-இல் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறு தலையங்கம் எழுதினார். அகவையை அடிப்படையாகக் கொண்ட பிரிவினைக்கு உடற்கூற்றுச் சான்று இல்லை, இரண்டும் ஒரே நோய், ஒரே பெயரால் வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவக் கண்டுபிடிப்பு எதனையும் அது அறிவிக்கவில்லை; ஒரு சொல்லின் பொருட்பரப்பை விரித்தது, அவ்வளவே. எனினும் அதன்பின் பல இலட்சம் முதியோர் நோயாளர் என எண்ணப்பட்டனர். சொற்பொருள் விரிவு ஒன்று இத்துணை மக்களைத் தொட்டது அரிது.

ஆயினும் எல்லா மறதியும் இந்நோயன்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும். இயல்பான மூப்பில் செயல்வேகம் குறையும். ஆட்பெயர்கள் நாநுனிவரை வந்து நின்றுவிடும். ஆனால் சொல்வளம் குறைவதில்லை, முதிர்ந்தோர் பலரிடம் அது இளையோரை விஞ்சி நிற்கும். மேலும், மனச்சோர்வும் மறதியாகத் தோற்றம் காட்டும். 1961-இல் கிலோ என்பவர் 'போலி அறிவிழப்பு' என்னும் தொடரால் சுட்டியது இத்தகைய நிலைகளையே. துணையை இழந்த ஒருவர் 'தெரியாது, தெரியாது' என்று விடை சொல்வதற்கும், விடையறியாமல் பொருந்தா விடை ஒன்றைக் கட்டிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு வினாவைக் கேட்கும் செவிக்கே தெரியும். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் சுழியமே.

முப்பது மதிப்பெண்

1975-இல் ஃபோல்ஸ்டைன் இணையரும் மெக்ஹியூவும் 'மினி மென்டல் ஸ்டேட்' என்னும் சிறு தேர்வை அமெரிக்காவில் வெளியிட்டனர். மொத்தம் 30 மதிப்பெண். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று பொருள்களின் பெயரை நினைவில் வைத்துச் சொல்க, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க, இத்தொடரைத் திருப்பிச் சொல்க, எழுதியுள்ள கட்டளையைப் படித்து அதன்படி செய்க, ஒரு வாக்கியம் எழுதுக, இவ்வரைபடத்தைப் பார்த்து வரைக என்பன அதன் உறுப்புகள். 23-உம் அதற்குக் குறைவும் பெறுவோர் ஐயத்திற்குரியவர் என்னும் வழக்கம் பரவியது. எளிமை காரணமாக இத்தேர்வு உலகெங்கும் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இதன் உறுப்புகளை மீண்டும் ஒருமுறை நோக்கினால், படித்தல், எழுதுதல், கணக்கிடல், வரைதல் என்று பள்ளிக்கூடத்தின் சாயல் அதன்மீது அழுத்தமாகப் படிந்திருப்பது தெரியும். 1993-இல் அமெரிக்காவில் 18,056 பேரிடம் பெற்ற மதிப்பெண்களைத் தொகுத்து வெளியிட்டனர். ஒன்பது ஆண்டும் அதற்கு மேலும் பள்ளியில் பயின்றோரின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டாண்டு பயின்றோர்க்கு 26. நான்காண்டும் அதற்குக் குறைவும் பயின்றோர்க்கு 22. அதாவது, பள்ளி காணாதோருள் பாதிப் பேர்க்குமேல் நோய் எதுவும் இன்றியே ஐயத்திற்குரியோர் ஆகிவிடுவர். தேர்வு உருவான நாட்டிலேயே, உருவான மொழியிலேயே நிலை இதுவாயின், மொழிபெயர்ப்பில் நேர்வதைக் கூற வேண்டுவதில்லை.

பல்லப்கரில் நிகழ்ந்தது

இச்சிக்கலை நேர்நின்று எதிர்கொண்ட முதன்மையான இந்திய முயற்சி அரியானா மாநிலத்துப் பல்லப்கர் வட்டாரச் சிற்றூர்களில் நடைபெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள மனங்கஹேலா பள்ளத்தாக்கு மக்களோடு ஒப்பிடும் இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு அது. ஆய்வுக்குட்பட்ட 55 அகவைக்கு மேற்பட்ட 5,126 பேருள் 73.3 விழுக்காட்டினர் எழுத்தறியாதோர். மேரி கங்குலியும் உடனாய்வாளரும் 1995-இல் வெளியிட்ட இந்தி வடிவம் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன்று. ஒவ்வோர் உறுப்பும் எதைச் சோதிக்கின்றது என்பதை முதலில் வரையறுத்து, அதே திறனைப் பள்ளி அறியாதவரிடம் சோதிக்க எது உதவும் என்பதைக் களத்தில் திரும்பத் திரும்ப முயன்று பார்த்து அவர்கள் அதனை அமைத்தனர்.

'கண்களை மூடுக' என்று எழுதிய அட்டைக்கு மாற்றாக, 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதுபோலச் செய்யுங்கள்' என்று கூறி ஆய்வாளரே கண்ணை மூடிக் காட்டினார். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்கு மாறாக, 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்' என்று கேட்டனர். ஏழேழாகக் கழித்தலின் இடத்தில் கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும் பணி வந்தது. கடிகார நேரத்துக்கு மாறாகக் காலையா, நண்பகலா, மாலையா என்பது வினாவாயிற்று. எழுத்தில் இருந்த இரண்டு உறுப்புகள் வாய்மொழிக்கும் செய்கைக்கும் பெயர்ந்தமை கவனத்திற்குரியது. ஊடகத்தையே மாற்றிய மொழிபெயர்ப்பு என்று இதனைக் கூறலாம். மூலத்துக்கு உண்மையாய் இருத்தல் என்பது சொல்லுக்கு உண்மையாய் இருத்தலா, நோக்கத்துக்கு உண்மையாய் இருத்தலா என்னும் பழைய வழக்கு இங்குத் தெளிவாகத் தீர்க்கப்பட்டது. விலகியதாலேயே அது நல்ல பெயர்ப்பாயிற்று.

திருப்பிச் சொல்லும் உறுப்புத்தான் மொழியியலார்க்குச் சுவையானது. ஆங்கில மூலத்தில் 'நோ இஃப்ஸ் ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்' என்பது தொடர். பேச்சிழப்பு நோயாளரைச் சோதிக்க மருத்துவர்கள் ஆண்டது அது. பொருட்சொல் ஒன்றேனும் இல்லாமல், நிபந்தனை, இணைப்பு, மாறுபாடு குறிக்கும் இலக்கணச் சொற்களே பெயராகிப் பன்மையும் ஏற்று நிற்பதால், பொருளைப் பற்றிக்கொண்டு நினைவு கூர இயலாது. ஒலிவரிசையை மட்டுமே பற்ற வேண்டும். இந்தியில் 'ந யஹ, ந வஹ' என்று வைத்தனர். 'இதுவுமன்று, அதுவுமன்று' என்பது பொருள். இலக்கணச் சொற்களாலேயே ஆனது என்னும் பண்பு காக்கப்பட்டது. எனினும் இணையாக ஒலிக்கும் இரட்டைத் தொடராதலின் மூலத்தின் கடுமை இல்லை.

தமிழில் இது மேலும் சிக்கலாகும். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் நிபந்தனை தமிழில் '-ஆல்' என்னும் ஈறு. இணைப்பு '-உம்' என்னும் இடைச்சொல். இரண்டும் தனித்து வாரா. எனவே மூலத்தின் அமைப்பைத் தமிழில் கொணரவே இயலாது. இந்தியைப் பின்பற்றி 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று வைத்தால் அது நாள்தோறும் வழங்கும் தொடர். ஒலிநினைவு தளர்ந்தவரும் வழக்கத்தின் வலிமையால் சொல்லிவிடுவர். கடினமாக்கும்பொருட்டு அருந்தொடர் ஒன்றை அமைத்தால் அது கல்வியைச் சோதிப்பதாகிவிடும்.

தமிழ்ப் பெயர்ப்பில் வேறு இடர்களும் உள. 'கண்களை மூடுங்கள்' என்னும் கட்டளை ஆங்கிலத்தில் நடுநிலையானது. தமிழில் 'கண்ணை மூடிவிட்டார்' என்பது இறப்பைக் குறிக்கும் மங்கல வழக்கு. எண்பது அகவை நிறைந்த ஒருவர் முன் அவ்வட்டையை நீட்டுவது எவ்வாறு இருக்கும் என்பதை எந்த அகராதியும் சொல்லாது. தேதி கேட்டால், ஆவணி எத்தனை என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய மூதாட்டிக்கு ஆகஸ்ட் எத்தனை என்பது தெரியாதிருக்கலாம். ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் செய்யும் சோதனையும் பரவலாக உள்ளது. ஆங்கிலத்தில் அவ்வகைப்பெயரின்கீழ்ப் பறவையும் மீனும் எறும்பும் அடங்கும். தமிழ் 'விலங்கு' அவற்றை ஏற்பதில்லை. 'மிருகம்' என்றால் காட்டு விலங்கின் சாயல் மிகுதி. சொல்லைத் தேரும்போதே எல்லோருடைய மதிப்பெண்ணும் சில எண்கள் குறைந்துவிடுகின்றது.

இவை யாவற்றினும் பெரிது இரட்டை வழக்கு. 'தாங்கள் தற்போது எவ்விடத்தில் இருக்கின்றீர்கள்?' என்று அச்சிட்ட தாளிலிருந்து படித்தால், வினா புரியாமையே விடையின்மையாகப் பதிவாகும். 'இப்ப நாம எங்க இருக்கோம், பாட்டி?' என்று கேட்டால் அவர் ஊரோடு தெருவும் சேர்த்துச் சொல்லக்கூடும். ஆனால் பேச்சு வழக்கில் கேட்கும் உரிமையைக் களப்பணியாளர்க்கு விட்டுவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பர். தேர்வின் ஒருமை கெடும். பேச்சு வழக்கிலேயே வினாக்களை எழுதி அச்சிடுவதே வழி. எழுத்துத் தமிழன்றிப் பிறிதொன்றை அச்சில் ஏற்ற மனம் கொள்ளாத நம் கல்வி மரபு அதற்கு இடந்தர வேண்டும்.

வேலூரும் சென்னையும்

பல்லப்கரில் 65 அகவைக்கு மேற்பட்டோருள் அல்ஸ்ஹைமர் நோய் 1.07 விழுக்காட்டினர்க்கே இருந்ததாக 1998-இல் அறிவிக்கப்பட்டது. 2001-இல் வெளியான தொடராய்விலும் ஆயிரவர்க்கு ஆண்டுக்கு 4.7 பேரே புதிதாக நோயுற்றனர்; மனங்கஹேலாவில் அவ்வெண் 17.5. இந்திய உணவு, மரபணு, குறைந்த ஆயுள் எனப் பல விளக்கங்கள் முன்வந்தன. நோய் உண்மையிலேயே குறைவா, அன்றிக் காணப்படவில்லையா என்னும் ஐயமும் உடனெழுந்தது.

1998-இல் கொச்சியில் '10/66' என்னும் ஆய்வுக்குழு தோன்றியது. டிமென்ஷியா உற்றோருள் 66 விழுக்காட்டினர் வாழும் வளரும் நாடுகளில் ஆய்வில் 10 விழுக்காடுகூட நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள். இக்குழு சென்னையிலும் வேலூரைச் சார்ந்த சிற்றூர்களிலும் வீடுவீடாக ஆய்வு செய்தது. 2008-இல் வெளியான முடிவு வியப்பிற்குரியது. அமெரிக்க மனநோய் மருத்துவர் கழகத்தின் நான்காம் கையேட்டின் வரையறைப்படி இந்தியச் சிற்றூர் முதியோருள் 0.3 விழுக்காட்டினரே நோயாளர். கல்வி வேறுபாட்டிற்கு இடந்தந்து இக்குழு வகுத்த முறைப்படி அதே மக்களிடையே ஏறத்தாழப் பத்து விழுக்காடு. ஊர் ஒன்று, மக்கள் அவர்களே, ஆண்டும் ஒன்று.

கையேட்டின் வரையறை நினைவிழப்போடு அன்றாடச் செயலில் குறைபாட்டையும் வேண்டுகின்றது. அதனை அறிய வீட்டாரைக் கேட்க வேண்டும். பணத்தைக் கையாள்கின்றாரா, தனியே வெளியே சென்று வருகின்றாரா என்பன போன்றவை அங்குக் கேட்கப்படும் வினாக்கள். கூட்டுக் குடும்பத்தில் பணப்பொறுப்பு மகனிடம் சென்று பல ஆண்டுகள் ஆகியிருக்கும், அடுப்பு மருமகளிடம். முதியவர் அவற்றைச் செய்யாமை மரியாதையின் அடையாளமேயன்றி இயலாமையின் அடையாளம் ஆகாது. 'அவருக்கென்ன, நல்லா இருக்கார்' என்பதே விடையாகும். ஒரு மகனுக்குத் தந்தையைப் பற்றி அயலாரிடம் குறை கூறுவது எளிதன்று என்பதும் உண்டு. இலக்கணப் பிழையற்ற பெயர்ப்பாயினும், அவ்வினா பிறந்த வாழ்க்கைமுறை உடன் வரவில்லை. விளைவு சிறியதன்று: நோயாளர் இல்லையெனில் மருத்துவமும் ஓய்வூதிய உதவியும் பராமரிப்போர்க்கான துணையும் திட்டமிடப்பெறா.

லாரன்ஸ் கோஹன் என்னும் மானிடவியலாளர் வாரணாசியில் தங்கி ஆய்ந்து 1998-இல் வெளியிட்ட நூல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. அங்கு முதியவரின் தடுமாற்றம் மூளையின் குறையாகக் கருதப்படுவதினும், மக்கள் சரியாகப் பேணாததன் விளைவாகவே அண்டை அயலாரால் கருதப்பட்டது. அத்தகைய சூழலில் நோய்க்குறியை ஒப்புக்கொள்வது குடும்பத்தின்மீதே பழி சுமத்திக்கொள்வதாகும்.

2017 முதல் 2020 வரை இந்தியா முழுவதும் பல மொழிகளில் நடைபெற்ற பெரிய ஆய்வொன்றின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி 60 அகவைக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியா உற்றோர். பல்லப்கரில் பிறந்த இந்தி வினாத்தாளே அவ்வாய்வின் கருவிகளுள் ஒன்றாய் இருந்து பிற இந்திய மொழிகளுக்குச் சென்றது.

இருமொழியமும் சொற்செறிவும்

மொழி அளவுகோலாக மட்டுமன்றிக் காப்பாகவும் அமையக்கூடும் என்னும் கருத்தும் இக்காலத்தில் வலுப்பெற்றது. 2007-இல் டொரன்டோவில் 184 நோயாளரை ஆய்ந்த பியாலிஸ்டோக் குழுவினர், இருமொழியாளர்க்கு நோய்க்குறி 4.1 ஆண்டுகள் பிந்தித் தோன்றியது என்றனர். ஆனால் அங்கு இருமொழியாளருள் பெரும்பாலோர் குடியேறியோர். காரணம் மொழியா, குடியேற்றமா என்பது தெளிவாகவில்லை. 2013-இல் ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளரை ஆய்ந்து 4.5 ஆண்டு வேறுபாட்டைக் கண்டனர். தெலுங்கும் உருதும் தெருவிலேயே கலந்து வழங்கும் ஊர் அது. எழுத்தறியாதோரிடமும் வேறுபாடு காணப்பட்டமையால் கல்வியே காரணம் என்னும் மறுப்பு வலுவிழந்தது. எனினும் மன்ஹாட்டனில் ஸ்பானியர் பலரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு அத்தகைய காப்பு எதனையும் காணவில்லை. மருத்துவமனைக்கு வந்தோரை எண்ணுவதும், நலமாக இருப்போரைத் தொடர்ந்து செல்வதும் ஒன்றல்ல. இருமொழியம் மூளைக்கு மருந்து என்று மேடைகளில் முழங்குவது அளவு கடந்ததே.

1996-இல் வெளியான கன்னியர் ஆய்வும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அமெரிக்கத் துறவுமடம் ஒன்றன் சகோதரியர் 93 பேர் இருபத்திரண்டு அகவையளவில் எழுதிய தன்வரலாறுகளில் பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் உள்ளன என்பதை மொழியியலார் சூசன் கெம்பர் துணையுடன் கணக்கிட்டனர். கருத்துச்செறிவு குறைந்தோர் அறுபது ஆண்டுகட்குப் பின் மிகுதியாக அறிவிழப்பு உற்றனர். இவ்வளவையைத் தமிழுக்குக் கொணர விரும்புவோர் முதலில் 'பத்துச் சொல்' என்பதை வரையறுத்தாக வேண்டும். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது தமிழில் ஒரு சொல்.

பெயர் மாற்றங்கள்

ஜப்பானில் இந்நோய்க்கு வழங்கிய 'சிஹோ' என்னும் சொல்லின் எழுத்துகள் மடமை, மந்தம் என்னும் பொருளன. முதியோர்க்கு அது இழிவு என்று கருதி, 2004-இல் அரசு 'நிஞ்சிஷோ' என்னும் பெயரை ஏற்றது. அறிதலில் ஏற்பட்ட நோய் என்பது அதன் பொருள். சில ஆண்டுகளில் செய்தித்தாளும் சட்டமும் வீட்டுப் பேச்சும் புதிய பெயருக்கு மாறின. 2013-இல் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் 'டிமென்ஷியா'வை விடுத்து 'பெரும் நரம்பறிதிறன் கோளாறு' என்னும் பொருள்படும் தொடரை மேற்கொண்டது. மருத்துவமனை வாயிலைக் கடந்து அது வரவில்லை.

தமிழில் 'மறதி நோய்' மக்களிடையே பரவிவிட்டது. எளிய பெயர், சொன்னவுடன் விளங்கும். ஆயின் அது ஓர் அறிகுறியை முழு நோயாகக் காட்டுகின்றது. சாவியைத் தேடும் ஒவ்வொரு முதியவரையும் அது அச்சுறுத்துகின்றது. மறதியினின்று தொடங்காமல், பேச்சுக் குழறுபடியாகவோ, காரணமற்ற ஐயமாகவோ, உறவினரிடம் திடீர்ச் சினமாகவோ தொடங்கும் வகைகளை அது மறைக்கின்றது. அவற்றைக் கண்ட வீட்டார் இதனை 'மறதி நோய்' என எண்ணுவதற்கு வழியில்லை. 'மூளைத் தேய்வு' என்பது உடற்கூற்றைச் சுட்டுகின்றது; கேட்போர்க்கு அச்சம் தருகின்றது. 'அறிதிறன் இழப்பு' என்பது செறிவானது. பாட்டியிடம் சொல்ல முடியாது. 'டிமென்ஷியா' என்னும் கடன்சொல் பொருளற்று இருப்பதாலேயே பழியும் அற்று உள்ளது என்று சில மருத்துவர் அதனையே ஆள்கின்றனர். இவற்றுள் எதனையும் இதுவரை தமிழ்ப் பேசும் முதியோரிடம் கேட்டு முடிவு செய்யவில்லை. 'அறளை பெயர்தல்' என்னும் வழக்கைக் கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கருத்திற் கொண்டதாகவும் தெரியவில்லை.